லூப் போடாத கொக்கி அண்ணன்

"ஒவ்வொன்றாக" என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக நினைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கொக்கி அண்ணன்தான். கூட்டத்தில் யாராவது "ஒண்ணொண்ணா பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதிரையைப் பின்னால் தள்ளுவார். பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டுப் பார்சல் கெட்டுவிட்டதோ என்று மோந்து பார்ப்பார்கள்.

கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுச் சப்பாத்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்போம். கொக்கி அண்ணன் எழுதுவார், அவர் எழுதியதில் பிழை பிடிப்பது என் வேலை. கீழேயிருந்து பாண் வாசனை வரும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும், பிழைகள் தப்பித்துக்கொள்ளும். அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கணக்கில் பட்டம் எடுத்துவிட்டு, குண்டசாலையில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வந்து போனார். மழை இல்லாத நாளிலும் குடை. சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். ஆளைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் திட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

கொக்கி என்ற பெயர் அவருடைய கணினித் திரையைப் பார்த்து வைத்தது. நாங்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில் நிரல் எழுதுவோம். அவர் தன் ஆசைக்கு எழுதும்போது வேறொரு பழைய மொழியை எடுப்பார். அதில் எழுத்துகளை விடக் குறிகள்தான் அதிகம். தலைகீழ் முக்கோணம், நடுவில் கோடு விழுந்த வட்டம், வால் வைத்த கொக்கி, கொம்பு வைத்த கொக்கி. அணி மொழி என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்லலாம், அணி என்றால் வரிசை. சாதாரண மொழியில் ஒரு வரிசைச் சப்பாத்துகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால், முதல் சப்பாத்தை எடு, அளவைக் கூட்டு, வை, அடுத்ததை எடு என்று கணினியைச் சுற்றிச் சுற்றி வரச் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர். கொக்கி அண்ணனின் மொழியில் முழு வரிசையையும் ஒரே பிடியாகப் பிடித்து, "எல்லாரும் ஒரு அளவு பெருசாகுங்க" என்று ஒரு குறியில் முடித்துவிடலாம். ஒரு பக்கம் நாங்கள் எழுதுவதை அவர் ஒரு வரியில் எழுதுவார். அந்த வரியைப் பார்த்தால் யாரோ பயத்தில் கிறுக்கியதுபோல இருக்கும்.

இந்த மொழியை அவர் கணினியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாழ்க்கையையும் அதிலேயே நடத்தினார்.

காலையில் வாசலில் நின்று, "எல்லாருக்கும் குட் மோர்னிங்" என்று ஒரு தரம் சொல்வார். அதோடு சரி. அதன் பிறகு யார் தனியாகச் சொன்னாலும் பதில் வராது. "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன் தங்கச்சி, வரலையா?" என்று கேட்பார். வருஷப் பிறப்பன்று எழுந்து நின்று, "இந்த வருஷம் பொறந்தநாள் வர்ற எல்லாருக்கும் வாழ்த்துக்கள்" என்று அறிவித்துவிட்டு உட்காருவார். அதன் பிறகு யார் கேக் வெட்டினாலும் சாப்பிட மட்டும்தான் வருவார்.

சனிப்பெயர்ச்சிக்கு அலுவலகத்தோடு டவுன் கோயிலுக்குப் போனோம். நவக்கிரகத்தை நாங்கள் ஒன்பது தரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு சுற்று முடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றார். ஐயர் பார்த்துவிட்டார்.

"தம்பி, ஒம்பது சுத்து."

"ஒம்பது பேரையும் ஒரே அணியா வச்சுத்தான் சாமி சுத்தினேன். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்."

ஐயர் விபூதித் தட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "மத்தவங்க ஏத்துக்குவாங்க. சனி பகவான் தனியா எதிர்பார்ப்பார்" என்றார்.

கொக்கி அண்ணன் அசையவில்லை.

குண்டசாலையில் அவருக்கு அறை கொடுத்திருந்த அக்காவுக்கு ஒரு பிரச்சினை வந்தது. அறைச் சுவரில் அவர் ஒட்டி வைத்திருந்த குறிகளின் தாளைப் பார்த்துவிட்டு, பையன் ஏதோ யந்திரம் எழுதுகிறான் என்று பயந்தாராம். இரண்டு நாள் தேசிக்காய் வெட்டி வாசலில் வைத்தார். பிறகு பயம் தெளிந்து ஆசை வந்தது. கொய்யா மரத்துக்கு வரும் குரங்குகளை நிறுத்த ஒரு தாள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இவரும் தன்னிடம் இருந்ததிலேயே அழகான வரி ஒன்றைப் பெரிதாக எழுதி மரத்தில் கட்டினார். அடுத்த நாள் குரங்குகள் கொய்யாவை விட்டுவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போயின. "அந்த வரிய முதல் முதலா ரசிச்சது அதுங்கதான்" என்றார் எங்களிடம்.

எங்கள் மேலாளர் தயா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது, கொக்கி அண்ணனும் இருந்தார். ஒரு கடைக்காரருக்கான இருப்பு அறிக்கை மிக மெதுவாக ஓடியது. கொக்கி அண்ணன் அதை எடுத்து, முழுவதையும் ஒரே வரியாக்கிக் கொடுத்தார். அறிக்கை கண் சிமிட்டுவதற்குள் வந்தது. கடைக்காரர் குதூகலித்தார். தயா சேர் அந்த வரியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, இது என்ன கோலம்? நீர் நாளைக்கு இல்லாட்டி இதை ஆர் வாசிக்கிறது?"

"நான் இல்லாட்டி உங்களுக்கு வேற கவலை நிறைய இருக்கும் சேர்."

"விளக்கமாவது எழுதி வையும்."

எழுதி வைத்தார். வரிக்கு மேல், "கீழே உள்ளது போல" என்று. அன்றிலிருந்து அலுவலக வேலைக்குக் கொக்கிகள் தடை. அவரும் சண்டை பிடிக்காமல் எங்களைப் போலவே லூப் போட்டு எழுதத் தொடங்கினார். பல் வலிக்காரன் பாக்குக் கடிப்பதுபோல எழுதினார்.

ஆசையெல்லாம் இணையத்தில் இருந்த ஒரு கணக்குப் புதிர்த் தளத்துக்குப் போனது. அதில் புதிர்கள் வரிசையாக இருக்கும். விடையை ஒரு பெட்டியில் எழுதினால் சரியா பிழையா என்று மட்டும் சொல்லும். சரியானால், அதே புதிரைத் தீர்த்த மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கக் கதவு திறக்கும். எல்லா நாட்டுக்காரர்களும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். கடைசியில் கொக்கி அண்ணனின் ஒரு வரி, கல்யாண வீட்டுக்கு வெறும் கையோடு வந்தவர் மாதிரி, வெட்கமே இல்லாமல் நிற்கும்.

ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது எனக்கு ஒன்றைக் காட்டினார். நெடுக்கே மூன்று வீதி, குறுக்கே மூன்று வீதி. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு, வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ மட்டும் நடந்து, எத்தனை வழிகளில் போகலாம்?

நான் விரலால் மேசையில் ஒவ்வொரு வழியாக நடந்து காட்ட ஆரம்பித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"நடக்காதீங்க தங்கச்சி. முதல் வீதியில நிக்கிற மூணு சந்திக்கும் ஒவ்வொரு வழிதான். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. அத இடப்பக்கமிருந்து கூட்டிக்கிட்டே போங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அது ரெண்டாவது வீதி. அதையும் அதே மாதிரிக் கூட்டுங்க. ஒண்ணு, மூணு, ஆறு. கடைசியில நிக்கிற ஆறுதான் விடை. யாரும் எங்கயும் நடக்கல."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் அது புரிந்துவிட்டது. ஒருவரும் களைக்காமல் ஊர் முழுக்க நடந்து முடித்தது மாதிரி இருந்தது.

அதே சந்தோஷம் ஒரு தடவை அவரை அடி வாங்கும் அளவுக்குக் கொண்டுபோனது. சமையல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம். குண்டசாலைச் சந்தியில் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்துவிட்டு மனிதர்கள் வெயிலில் நின்றார்கள். இவரும் தன் சிலிண்டரோடு வரிசையின் முன்பாதியில் நின்றார். லொறி வந்தது. அதில் இருப்பதையும் வரிசையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் எதையோ தட்டி, உரத்த குரலில் அறிவித்தார்.

"அந்த லைட் போஸ்டுக்கு அங்கால நிக்கிறவங்க வீட்டுக்குப் போகலாம். உங்களுக்குக் கிடைக்காது. சும்மா வெயில்ல நிக்காதீங்க."

அவர் குரலில் இருந்த உறுதியைப் பார்த்துப் பலர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது லொறி வந்து நின்றது. போனவர்களுக்குச் செய்தி போய், அவர்கள் திரும்பி வந்தபோது அதுவும் காலியாகியிருந்தது. கூட்டம் அவரைச் சூழ்ந்தது. வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவர் நின்று விளக்கம் கொடுத்தார்.

"என் கணக்கு சரி. ரெண்டாவது லொறிய யாரும் சொல்லல."

சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். மேல் பொத்தான் அன்றுதான் முதல் தடவையாகத் திறந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாளாம். கொக்கி அண்ணன் தனக்குக் கிடைத்த சிலிண்டரை அவள் ஏறிய ஓட்டோவில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டார். அதன் பிறகு பல நாள் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. கேட்டால் உடம்புக்கு நல்லது என்றார்.

அந்த உடம்பு அப்போதே நன்றாக இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

முதலில் சப்பாத்து போடாமல் செருப்போடு வந்தார். சப்பாத்துக் கம்பனியில் செருப்பா என்று கேலி செய்தோம். கால் வீங்கியிருந்தது. பிறகு பேக்கரி வாசனைக்கு வாந்தி வந்தது. ஒருநாள் வாசலில் குட் மோர்னிங் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தயா சேரும் நானும்தான் ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் தயா சேர் அவருடைய குடையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. உள்ளே முழுக்க நீர்க்கட்டிகள். பரம்பரையாக வரும் வியாதி என்றார்கள். சின்ன வயதிலேயே இறந்த அப்பாவுக்கும் கடைசியில் கால் வீங்கித்தான் இருந்ததாம். குடியால் செத்தார் என்று தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அப்பா குடிக்கவே மாட்டாரு தங்கச்சி" என்றார் கொக்கி அண்ணன். "இத்தன வருஷம் அந்த மனுசன் மேல ஒரு பிழையான விடைய எழுதி வச்சிருக்கோம்."

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போனார். சாய்வுக் கதிரையில் ஒரு கை இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கும். நாலு மணித்தியாலம் அசைய முடியாது. முடிந்து வந்தால் அன்று முழுதும் படுக்கை. கொஞ்சம் தெளிவதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

"இது லூப்பு தங்கச்சி" என்றார் ஒருநாள், கூரையைப் பார்த்தபடி. "வெளிய வர்றதுக்குக் கண்டிஷன் எழுத மறந்துட்டாங்க."

சிரிப்பதா என்று தெரியாமல் நான் தோடம்பழப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குத் தோடம்பழம் கூடாது என்று தாதி வந்து பையை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கதிரையில்தான் கொக்கிகள் திரும்பி வந்தன. அந்த மொழிக்கு ஒரு கை போதும். மற்றவர்கள் இரண்டு கையாலும் பக்கம் பக்கமாகத் தட்ட வேண்டிய விடையை அவர் போனில் கட்டைவிரலால் பத்துப் பன்னிரண்டு குறிகளில் முடித்துவிடுவார். அடுத்த கதிரையில் அலவத்துகொடைக்காரர் ஒருவர் இருந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பல நாள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டுவிட்டார்.

"தம்பி, இது என்ன பாஷ?"

"கணக்குப் பாஷ ஹாஜியார்."

"எங்கேந்து எங்க வாசிக்கிற?"

"வலதுலேர்ந்து இடதுக்கு."

ஹாஜியார் தலையணையில் சாய்ந்தார். "அப்ப இது அரபுதான். எழுத்துத்தான் கெட்டுப் போய் ஈக்கி."

அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டு. கொக்கி அண்ணன் புதிரைத் தமிழில் சொல்வார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "எழுபத்திரண்டு" என்பார். எந்தப் புதிருக்கும் அதே விடை. வட்டத்துக்கும் எழுபத்திரண்டு, முயல் குட்டிகளுக்கும் எழுபத்திரண்டு. "இல்ல ஹாஜியார்" என்றால், "நல்லாப் பாருங்க" என்பார். மிகச் சுலபமான ஒரு புதிருக்கு ஒருநாள் உண்மையாகவே எழுபத்திரண்டு வந்துவிட்டது. ஹாஜியார் அதிர்ச்சியடையவில்லை. அடுத்த முறை வீட்டிலிருந்து வட்டிலப்பம் செய்வித்துக் கொண்டுவந்து, வாட்டு முழுக்கக் கொடுக்கச் சொன்னார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட அந்த இனிப்பு, சிறுநீரக வாட்டில் ஒருவரும் தொடக் கூடாத பண்டம். தாதி கோபத்தில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். ஆனால் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. தாதிமார் அறையில் அதற்கு நல்ல வரவேற்பு கிடைத்ததாகக் கேள்வி.

சிறுநீரகம் கொடுக்க ஹேவாஹெட்டவிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். பெயர் ராஜு. தோட்டத்தில் டிரக்டர் ஓட்டுபவர். புதுச்சட்டை போட்டு, டொக்டருக்கு என்று ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்திருந்தார். வாட்டில் நுழைந்ததுமே, "எப்ப எடுக்குறாங்க? எனக்கு ரெண்டு இருக்குல்ல" என்று கேட்டார். பயத்தை மறைக்கச் சத்தமாகப் பேசும் மனிதர். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

எடுப்பதற்கு முன் சோதனைகள். ஸ்கேன் பார்க்கும் நாளில் நானும் கூடப் போனேன். டொக்டர் திரையை நிறைய நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ராஜு அண்ணனுக்குச் சிங்களம் வேலைக்கு வேண்டிய அளவுதான் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. அதனால் தம்பிதான் தமிழில் சொல்ல வேண்டும். டொக்டர் சொல்லி முடித்தார். கொக்கி அண்ணன் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னாடா சொல்றாரு?"

"அண்ணே, உனக்கும் இருக்கு."

"என்னா இருக்கு?"

"எனக்கு இருக்கிறது."

ராஜு அண்ணன் திரையைப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. டொக்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பி, "அப்ப உனக்குக் கிட்னி இல்லையா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். தனக்கு வந்திருப்பதைப் பற்றி அவர் கேட்க வெகு நேரமானது. அதுவும் நாங்கள் வெளியே வந்து, பைக்குள் இருந்த லீக்ஸை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது. "நானும் அப்பா மாதிரிப் போயிருவேனா?"

கொக்கி அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே அடியாக் குடுத்திருக்கான் பாருங்க தங்கச்சி. லூப்பே இல்ல" என்றார். அதைச் சொன்னதும் அவருக்கே தாங்கவில்லை. அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ராஜு அண்ணன் பக்கத்தில் குந்தி, தம்பியின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "சரிடா, சரிடா" என்றார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் இரண்டு பேரில் யார் நோயாளி என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ராஜு அண்ணனுக்கு நோய் இன்னும் ஆரம்பத்தில்தான் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைத் தவறாமல் போட்டு, உப்பைக் குறைத்து, கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தால் நிறைய வருஷம் இழுக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கிளினிக் நாளென்றால் வேலை போகும். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்றார், டிரக்டரில் ஏறினால் பள்ளம் இரண்டாகத் தெரிகிறது என்றார். இரண்டு தடவை வராமலே விட்டுவிட்டார்.

அதன் பிறகு கொக்கி அண்ணன் தினமும் காலையில் அவருக்குப் போன் எடுத்தார்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"எந்தக் கலரு?"

"வெள்ள."

"வெள்ள ராத்திரிக்குரியது. இப்ப போய் மத்ததப் போடு. நான் லைன்ல இருக்கேன்."

ஒருவருக்கும் ஒருநாளும் தனியாகக் குட் மோர்னிங் சொல்லாத மனிதர் இப்படி நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டயலிசிஸ் கதிரையிலும் கேட்டார், வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டும் கேட்டார். எனக்கு ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இது லூப்பு இல்லையா?"

அவர் போனை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "லூப்புதான்" என்றார். "இதுக்கு வேற வழி இருக்குதான்னு பாத்துட்டேன். இல்ல."

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் நான் வாட்டுக்குப் போனபோது ஹாஜியாரின் கதிரையில் வேறு யாரோ ஒரு சின்ன வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்கும் பழக்கம் இல்லை. கொக்கி அண்ணன் போனில் ஒரு புதிரைத் திறந்து வைத்திருந்தார். அதன் விடை பெரிய எண், ஏழெட்டு இலக்கம் வர வேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு விடைப் பெட்டியில் கட்டைவிரலால் எழுபத்திரண்டு என்று எழுதி அனுப்பினார்.

பிழை என்று சிவப்பில் வந்தது.

அந்தத் தளத்தில் அவர் அதுவரை ஒரு பிழையான விடை அனுப்பியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம்.

"நல்லாப் பாக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவருக்குச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. கொடுக்க வந்த ஒருவருடையது பொருந்தவில்லை. இன்னொருவர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. ஊசி குத்தும் இடத்தில் கிருமி தொற்றி, காய்ச்சல் வந்து, அது இரத்தத்தில் பரவியது. கடைசியாக நான் பார்த்தபோது பேச்சு தெளிவாக இல்லை. தயா சேர் அவருடைய தலைமாட்டில் நின்று, "தம்பி, அந்த அறிக்கை இன்னும் உம்மட வரியிலதான் ஓடுது. நான் அழிக்கேல்ல" என்றார். கொக்கி அண்ணன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கேட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். "ஓம், அழிக்கேல்ல" என்று தயா சேர் திரும்பவும் சொன்னார்.

மறுநாள் பகலில் போய்விட்டார்.

ஹேவாஹெட்டவில் அன்று நல்ல மழை. அலுவலகத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். தேயிலைக்கு நடுவே செங்குத்தான பாதை, சேறு. பெட்டியைத் தூக்கியவர்கள் இரண்டு தடவை வழுக்கினார்கள். தயா சேர் நாலு வார்த்தை பேசுவதற்காக எழுந்தார். கொக்கி அண்ணனின் அம்மாவுடைய முகத்தைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார். குண்டசாலை அக்கா அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றிலும் கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது.

அதன் பிறகு ராஜு அண்ணனின் கிளினிக் நாட்களில் நான் போகிறேன். முதல் தடவை, சிங்களத்தில் சொல்வதைச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று போனேன். இப்போது அவருக்கே எல்லாம் புரிகிறது. இருந்தாலும் போகிறேன். அவருடைய சோதனை முடிவுகள் பெரிதாக மோசமாகவில்லை, அப்படியே நிற்கின்றன. மாத்திரையின் நிறமெல்லாம் டொக்டருக்கே அவர்தான் சொல்கிறார்.

போன தடவை கிளினிக் முடிந்து பஸ் நிலையத்தில் நின்றோம். தூறல். இரண்டு பேரும் கடலை வாங்கினோம். உப்பு இல்லாத கடலை கேட்டுக் கடைக்காரரிடம் திட்டு வாங்கியவர் ராஜு அண்ணன்தான். கடலைச் சுருளைப் பிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அவன் ஆபீஸ்ல பேசுவானா?"

"பேசாம இருந்ததே இல்ல அண்ணே. ஏன்?"

"வீட்டுல பேசவே மாட்டான். லீவுல வந்தா ஒரு மூலையில உக்காந்து என்னமோ கிறுக்கிக்கிட்டு இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டா வருவான். அவ்வளவுதான். கடைசியிலதான் தினம் போன்ல சத்தம் போட்டான்." கடலைத் தோலை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே சொன்னார். "அவன் என்னா பேசுவான், எப்பிடிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னேன். அவர் சிரித்தார். இன்னொன்றைச் சொன்னேன், இன்னும் சத்தமாகச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹேவாஹெட்ட பஸ் வந்து நின்றது. நடத்துநர் ஊர்ப் பெயரை நாலைந்து தடவை கூவினார். முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள், பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார்கள். பஸ் கிளம்பி, குயீன்ஸ் ஹோட்டல் மூலையைத் தாண்டிப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடுத்தது வரட்டும்" என்றார் ராஜு அண்ணன். "நீங்க சொல்லுங்க."